கண்ணுக்கு என்று சொன்னேன்

பெர்பெத்தா,
உன் விரல்கணுவில் இருப்பது
நண்டு கிழித்த காயம் இல்லை.
மண்டபம் கம்பெனியில் எத்தனை கைகள்,
எல்லாவற்றிலும் கீறல்.
அவற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தாய்.
நானும் அங்கேதான் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை போகிறாய் என்றாய்.
உச்சிப்புளி டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டு
உன் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறதாம்.
என்னுடையது பதினோரு நாள்
ரப்பர் பூட்ஸுக்குள் கிடந்தது.

முதல் பஸ்ஸில் போ.
தெரிந்தவர்கள் எதிர்ப்படுவார்கள்.
பாம்பன் ஐஸ் வண்டிக்காரர் என்னிடம் கேட்டார்:
என்ன, ராமநாதபுரம் பக்கம்?
கண்ணுக்கு, என்றேன்.
அவரும் கண்ணுக்குத்தான் என்றார்.
ஓ.பி. சீட்டைச் சுருட்டிப் பிடித்தபடி
மனநலப் பிரிவு வாசலில்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

எடை பார்ப்பார்கள்.
இதைத்தானே முதலில் கேட்பாய்.
கிராம் கிராமாய்ச் சதை நிறுத்தே
சம்பளம் வாங்குகிறவள் நான்,
எனக்குக் கால் நடுங்கியது.
திரும்பி நில்லுங்க, சுவரைப் பாருங்க
என்றார் ஃபர்ஜானா சிஸ்டர்.
சுவரில் சொட்டு மருந்து போஸ்டர்.
குழந்தையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எண்ணை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவர் இல்லாவிட்டால் நீயே கேள்,
திரும்பி நிற்கட்டுமா என்று.
கேட்கலாம்.

பிரஷர், படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை.
குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழச் சொல்வார்கள்.
எழுந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்;
மேசையின் விளிம்பு என் பிடியில் இருந்தது.
ரத்தம் எடுப்பார்கள். ஈ.சி.ஜி. பசை
கரையொதுங்கிய சொறியைப் போல ஜில்லென்று இருக்கும்,
அரிக்காது.
பல்லைப் பார்ப்பார்கள்.
தீட்டு எப்போது நின்றது என்பார்கள்.
மறந்துபோச்சு என்றேன்.
அது பொய்யில்லை.

அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார்கள்.
முந்தானையில் ஓரியூர்ச் செம்மண் முடிச்சு.
கதவுக்கடியில் அவள் செருப்பு தெரிந்துகொண்டே இருந்தது.

டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும், கோயமுத்தூர்ப் பேச்சு.
நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?
சொன்னேன்: காலையில் இட்லி,
மதியம் சூடைமீன் குழம்பு,
ராத்திரி கணவாய் வறுவல், ரசம்.
எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.
இதெல்லாம் நீங்க சமைச்சதுங்க.
சாப்பிட்டது?

பதில் இருந்தது என்னிடம்.
ஆனால் தண்ணி நண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.
ஓடு முழுசாய் இருக்கும், கால் எல்லாம் இருக்கும்,
பார்த்தால் தெரியாதும்மா,
தூக்கினால்தான் தெரியும், பாதி விலைக்குத்தான் எடுப்பார்கள்.
ஏன் சொன்னேனோ.
அதையும் எழுதிக்கொண்டார்.

திட்டவில்லை.
உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியலையே என்றும் சொல்லவில்லை.
நான் பயந்தது அதற்குத்தான்.
எப்போதிலிருந்து, யாருக்குத் தெரியும்,
செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா
என்றெல்லாம் விலாசம் கேட்கிற குரலில் கேட்டார்.
அதனால் என்னாலும்
விலாசம் சொல்வதுபோலச் சொல்ல முடிந்தது.

நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்.
ரத்த முடிவு வரட்டும் என்றார். அடுத்த புதன் வரணும்.
சாப்பாட்டுக்கென்று இன்னொருவரையும் பார்க்கணும்.
ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளணும்.
முக்கால் மணி நேரம் முழுக்கச் சொல்லி முடித்தால்
இதுதான் ஆரம்பம் என்கிறார்கள், பெர்பெத்தா.
எரிச்சலாய்த்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா,
ஐஸ் வண்டிக்காரர் காதில் விழட்டும் என்று, சத்தமாய்:
கண்ணுக்கு என்ன சொன்னாங்க?
தெரியுதாம், என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கப்பில் டீ.
உச்சிப்புளி தாண்டும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.
என் நோட்டின் முதல் வரி:
டீ. பாதி. ஆறிப்போனது.

வியாழக்கிழமை உன் கூடையையும்
நானே உடைத்துவைக்கிறேன்.
சூப்பர்வைசர் கேட்டால்
கண்ணுக்கு என்று சொல்லட்டுமா?